சேற்றைக் கழுவுவதற்கு முன்

2023 மார்ச் மாதத் தொடக்கத்தில் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் சிகாமட், லாபிஸ் பக்கம் வெள்ளம் வந்தபோது வீட்டில் நான், மாமியார், இரண்டு பிள்ளைகள் மட்டும். வீட்டுக்காரருக்கு சிங்கப்பூரில் வேலை. வார முடிவில்தான் வருவார், அந்த வாரம் ரோடெல்லாம் தண்ணீர் என்பதால் அதுவும் இல்லை. எங்கள் தாமான் (குடியிருப்பு), பழைய ரப்பர்த் தோட்டத்தைத் துண்டாடியபோது அதன் ஓரத்தில் எழும்பிய குறைந்த விலை வீடுகள். பின்னால் செம்பனை, அதற்கும் பின்னால் ஆறு. 2006 டிசம்பரிலும் 2011 ஜனவரியிலும் இந்த வட்டாரம் மூழ்கியதை அத்தை நேரில் பார்த்தவர். ஆனாலும் இந்த முறை தண்ணீர் எங்கள் வீட்டுச் சுவரில் நாலரை அடி ஏறும் என்று அவரும் நினைக்கவில்லை. எல்லாம் கூட்டிப் பார்த்தால் 23,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் போனது. என் சம்பளம் அப்போது மாதம் 1,650. போன பணத்தில் ஏறக்குறைய 9,000 வெள்ளியை, யாராவது முன்னாலேயே இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் காப்பாற்றியிருக்கலாம். அந்த இரண்டு வார்த்தை உங்களுக்காவது கிடைக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தண்ணீர் வாசற்படியைத் தொடும்போது செய்ய வேண்டியது மூன்றே வேலை. மெயின் சுவிட்சை இறக்குங்கள். கை ஈரமாக இருந்தாலோ, நிற்கும் இடத்தில் தண்ணீர் இருந்தாலோ அதைத் தொடவே கூடாது, அப்படியே வெளியேறிவிட வேண்டும். கேஸ் உருளையின் வால்வை மூடி ரெகுலேட்டரைக் கழற்றுங்கள், காலி உருளை மிதந்து போய் ஜன்னலை உடைக்கும். மூன்றாவது, காகிதங்கள். அடையாள அட்டை, பிறப்பு, திருமணப் பத்திரங்கள், வீட்டு கெரான் (நிலப் பட்டா), பேங்க் புத்தகம், காப்புறுதிப் பத்திரம், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ். நான் கையில் எடுத்தது அடையாள அட்டைகளும் அத்தையின் மருந்துப் பையும்தான். மற்றதெல்லாம் அலமாரியின் அடித்தட்டில் பிஸ்கட் டின்னுக்குள் இருந்தன. டின்னுக்குள் தண்ணீர் போகாது என்று எப்படி நம்பினேனோ தெரியவில்லை.

அங்கிருந்து தோட்டத்து மாரியம்மன் கோவில் மண்டபத்துக்குப் போனோம். மேடான இடம், தெரிந்த முகங்கள், சாப்பாடும் கிடைத்தது. அதில் ஒரு சிக்கல் இருப்பது பிறகுதான் புரிந்தது. அரசாங்கம் திறக்கும் தற்காலிக நிவாரண மையத்தில் சமூகநல இலாகா குடும்பத் தலைவர் பெயரில் பதிவு செய்யும். உதவித்தொகைப் பட்டியலுக்கு அதுதான் முதல் ஆதாரம். கோவிலிலும் சொந்தக்காரர் வீட்டிலும் தங்கியவர்கள் அந்தப் பட்டியலில் தானாக வருவதில்லை. அதனால் எங்கே தங்கினாலும், தண்ணீர் வற்றுவதற்குள் ஒருவராவது நிவாரண மையத்துக்குப் போய் குடும்பத்தைப் பதிந்துகொள்ளுங்கள். முடியாதபோது கம்பத்து (கிராமத்து) தலைவரிடமோ வட்டாரத் தலைவரான பெங்குளுவிடமோ பெயர் கொடுத்து, கொடுத்த தேதியையும் வாங்கியவர் பெயரையும் எழுதி வையுங்கள். தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருப்பவர்கள், இன்ன வீட்டில் இத்தனை பேர் குடியிருந்தார்கள் என்று நிர்வாகத்திடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளலாம். எங்கள் மண்டபத்தில் இருந்த பதினோரு குடும்பங்களும் இந்தப் பதிவுக்காகப் பிறகு நாலைந்து முறை அலைந்தோம்.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்து வீட்டுக்குள் கால் வைத்தபோது கணுக்கால் வரை சேறு. சாமி மேடையில் விளக்கு கவிழ்ந்து கிடந்தது. நம் வீடுகளில் வளர்ந்த பெண்ணுக்கு அந்த நேரத்தில் வேறு யோசனை வராது. முதலில் கழுவணும், விளக்கேத்தணும். நான் அழுதுகொண்டே கழுவினேன். பக்கத்து வீட்டு அக்காவும் வந்தார், அத்தை உட்கார்ந்தபடியே பாத்திரங்களைத் தேய்த்தார். மாலைக்குள் மெத்தை, அலமாரி, தொலைக்காட்சி எல்லாம் ரோட்டோரம் போய்விட்டன, மறுநாள் குப்பை லாரி அள்ளிக்கொண்டு போனது. என்ன போனது, என்ன விலை, எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது என்பதற்கெல்லாம் என்னிடம் இருந்த ஒரே சாட்சியை நானே கழுவித் தள்ளிவிட்டேன்.

அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். துடைப்பத்தைத் தொடுவதற்கு முன் கைபேசியை எடுங்கள். முதலில் வாசலில் நின்று வீட்டு எண்ணும் வீட்டு முகப்பும் ஒன்றாகத் தெரியும்படி ஒரு படம். பிறகு ஒவ்வொரு அறையிலும் நான்கு மூலையிலிருந்தும் நான்கு படம், அதோடு மெதுவாகச் சுற்றி ஒரு வீடியோ. சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும், அதன் பக்கத்தில் அளவுநாடாவைப் பிடித்து எண் தெரிய எடுங்கள். அந்தக் கோட்டைப் பென்சிலால் குறித்து வைத்தால் கழுவிய பிறகும் காட்டலாம். மின்சாதனங்களுக்கு மூன்று படம் வேண்டும்: முழு உருவம், உள்ளே சேறு புகுந்த இடம், பின்னால் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணும் வரிசை எண்ணும். குளிர்பெட்டியையோ சலவை இயந்திரத்தையோ தூக்கிப் போட்டே ஆக வேண்டும் என்றால் அந்த ஒட்டுச் சீட்டையாவது படம் எடுத்துவிடுங்கள். ரசீது இல்லையே என்று விட்டுவிட வேண்டாம். தவணையில் வாங்கிய பொருளுக்குக் கடைக்காரரிடம் கணக்கு இருக்கும், கார்டில் கட்டியிருந்தால் பேங்க் அறிக்கையில் இருக்கும், வீட்டு விசேஷப் படங்களில் பின்னணியில் தொலைக்காட்சியும் அலமாரியும் தெரியும். இதற்கெல்லாம் ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தில் சேறு கெட்டியாகிவிடாது. ஒரு நாள் விட்டால்தான் காய்ந்து சிமெண்டு மாதிரி பிடித்துக்கொள்ளும், ஆகவே படம் எடுத்த கையோடு ஈரமாக இருக்கும்போதே வழித்துத் தள்ளுங்கள்.

அடுத்தது போலீஸ் புகார். யார்மேல் புகார் கொடுப்பது என்று அக்கா கேட்டார். யார்மேலும் இல்லை, இது நடந்ததைப் பதிவு செய்வதுதான். கட்டணமும் கிடையாது. ஆனால் அடையாள அட்டை, காப்புறுதி, கெரான், பேங்க் என்று எங்கே போனாலும் முதலில் கேட்பது இதைத்தான். நான் கொடுத்த முதல் புகார் மூன்று வரி: வெள்ளம் வந்தது, பொருள்கள் சேதம், ஆவணங்கள் காணவில்லை. அது எதற்கும் போதவில்லை, இரண்டாவது புகார் கொடுக்க ஒரு நாள் சம்பளம் போனது. வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: முழு முகவரி, தண்ணீர் நுழைந்த தேதியும் நேரமும், எத்தனை அடி நின்றது, எப்போது வெளியேறினீர்கள், எங்கே தங்கினீர்கள், சேதமான பொருள்கள் தோராய விலையோடு, தொலைந்த அல்லது நனைந்த ஆவணங்கள் ஒவ்வொன்றும் அதன் எண்ணோடு, கார், மோட்டார் சைக்கிள் பதிவு எண். மலாயில் எழுத வராதவர்கள் பிள்ளைகளை எழுதச் சொல்லலாம். புகாரின் நகலைப் பத்து எடுத்து வைத்தேன். பத்தும் தீர்ந்தது.

உதவித்தொகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பந்துவான் வாங் இஹ்சான் என்பது தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனமான நட்மா வழியாக வரும் மத்திய அரசு உதவி. 2021 டிசம்பர் வெள்ளத்திலிருந்து குடும்பத் தலைவர் ஒருவருக்கு 1,000 வெள்ளி என்று கொடுத்து வருகிறார்கள். உயிரிழந்தவரின் வாரிசுக்கு 10,000 வெள்ளி. பட்டியலைச் சரிபார்ப்பது மாவட்ட அலுவலகம். பணம் வந்து சேராமல் போக நான் பார்த்த காரணங்கள் எல்லாம் சின்னச் சின்னவை. அடையாள அட்டையில் பழைய முகவரி, கொடுத்த பேங்க் கணக்கு பல வருடம் அசையாமல் முடங்கிப்போனது, கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் தவறு, ஒரே வீட்டில் மாமனாரும் மகனும் தனித்தனியாகப் பதிந்து இரண்டு பேருமே நிறுத்தி வைக்கப்பட்டது. விண்ணப்பப் பாரத்தோடு பேங்க் அறிக்கையின் முதல் பக்கத்தையும், அந்த முகவரியில் குடியிருப்பதைக் காட்டும் மின்சார அல்லது தண்ணீர் பில்லையும் இணைத்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். வீடு பழுதுபார்க்கும் உதவி இதிலிருந்து வேறு, அந்தந்தப் பேரிடருக்கு அறிவிப்பதைப் பொறுத்தது, தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இன்னொன்று, இந்தப் பணத்தை வாங்க யாருக்கும் ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை. வெள்ளம் வடிந்த அதே வாரம் எனக்கு இரண்டு அழைப்பு வந்தது, உதவிப் பணத்தை விடுவிக்க பேங்கிலிருந்து வரும் டேக் எண்ணை (பணம் மாற்ற ஒப்புதல் தரும் ரகசிய எண்) சொல்லுங்கள் என்று. சொல்லாமல் விட்டேன். யாராவது சொல்லிவிட்டால் உடனே மோசடிப் புகார் எண்ணான 997க்கு அடித்து பேங்கையும் அழையுங்கள், பணம் அடுத்தடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் அழைத்தால்தான் பயன்.

வீட்டுக்குள் மின்சாரம் விடுவதில் அவசரம் காட்டாதீர்கள். சுவிட்ச் பெட்டிகளும் பிளக் பாயிண்டுகளும் தண்ணீர் கோட்டுக்குக் கீழே இருந்தால் உள்ளே சேறு இருக்கும், வெளியே காய்ந்த மாதிரி தெரிந்தாலும். பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிட்டு எல்லாப் பெட்டியையும் திறந்து, சுத்தம் செய்து, நனைந்த பிளக்குகளை மாற்றி, காப்புத்தன்மையைக் கருவி வைத்துச் சோதித்த பிறகே மெயின் ஏற வேண்டும். வெளிக் கம்பி, மீட்டர் சம்பந்தப்பட்டது என்றால் மின்சார நிறுவனமான டெனாகாவின் 15454. குளிர்பெட்டி, சலவை இயந்திரம் ஒன்றையும் ஓடுகிறதா என்று பார்ப்பதற்காகப் போடாதீர்கள். மோட்டாரும் சர்க்யூட் பலகையும் நல்ல தண்ணீரில் அலசி நன்றாகக் காய்ந்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு, ஈரத்தில் மின்சாரம் பாய்ந்தால் அதுவும் போச்சு. அமுக்குப் பலகையில் செய்த அலமாரிகள் ஊதிவிடும், அவற்றைக் காப்பாற்ற நினைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம். கட்டிப் பலகை என்றால் கதவுகளைக் கழற்றி நிழலில் காய வையுங்கள், வெயிலில் வைத்தால் வளையும்.

கழுவும்போது கையுறையும் முட்டி வரை பூட்ஸும் கட்டாயம், தோட்டத்தில் போடும் ரப்பர் பூட்ஸ் போதும். வழித்துக் கழுவிய தரையில், 20 லிட்டர் வாளித் தண்ணீருக்கு 250 மில்லி குளோராக்ஸ் (பிளீச்சிங் திரவம்) கலந்து ஊற்றித் தேயுங்கள். சுவரில் பூசணம் பிடித்த இடத்துக்கு மட்டும் 4 லிட்டருக்கு 250 மில்லி. ஜன்னல் கதவெல்லாம் திறந்திருக்க வேண்டும், கழிவறை கழுவும் ஆசிட்டோடு குளோராக்ஸைச் சேர்க்கவே கூடாது, நச்சுவாயு கிளம்பும். எலிச் சிறுநீர்க் காய்ச்சல் வெள்ளத்தோடு வருவது. சேற்றில் நின்ற ஒன்றிரண்டு வாரத்தில், சில சமயம் ஒரு மாதம் கழித்தும், காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி என்று தொடங்கும். சாதாரணக் காய்ச்சல் என்று பனடோல் போட்டுக்கொண்டு படுக்காமல் அரசாங்கக் கிளினிக்குக்குப் போய், வெள்ளத்தில் நின்றேன் என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் அந்தச் சோதனை எடுப்பார்கள். என் பெரிய பையனுக்கு ஒன்பதாம் நாள் காய்ச்சல் வந்தபோது நான் அதைச் சொல்லாமல் விட்டேன், மறுநாள் திரும்பப் போக வேண்டியதாயிற்று. நல்லவேளை, அவனுக்கு அது இல்லை. ஆனால் அந்த ஒரு இரவு நான் பட்ட பயம் எனக்குத்தான் தெரியும்.

மோட்டார் சைக்கிளும் காரும். மூழ்கிய மோட்டாரை உதைக்காதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு மெதுவாக உதைத்தால் சிலிண்டரில் உள்ள தண்ணீர் பிளக் துளை வழியே வெளியேறும். எண்ணெயை இறக்கினால் பால் கலந்த காப்பி மாதிரி வரும். மலிவான எண்ணெய் ஊற்றி ஐந்து நிமிடம் ஓட்டி இறக்குங்கள், நிறம் தெளியும் வரை இரண்டு மூன்று தடவை, கடைசியில் நல்ல எண்ணெய். ஏர் ஃபில்டரை மாற்றி, கார்புரேட்டரையும் பெட்ரோலையும் வடித்துவிட வேண்டும். அதே நாளில் செய்தால் 80, 100 வெள்ளியில் முடியும். நாங்கள் இரண்டு வாரம் போட்டு வைத்தோம், துருப்பிடித்து 380 ஆனது. கார் விஷயம் இன்னும் மோசம். உதவிக்கு வந்த ஒருவர் நல்ல எண்ணத்தில்தான் சாவியைத் திருகினார். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். அப்படித்தான் ஆனது. பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றிவிட்டு லாரியில் ஏற்றிப் போயிருக்க வேண்டும்.

காருக்கு முழுக் காப்புறுதி இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். முழுக் காப்புறுதியில் வெள்ளம் அடங்காது. இயற்கைப் பேரிடர் என்ற கூடுதல் பாதுகாப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும், பத்திரத்தில் அது எண் 57 என்று குறிக்கப்பட்டிருக்கும். பழுதுக்கு 6,200 வெள்ளி கைக்காசு. பிறகு விசாரித்தபோது, 22,000 வெள்ளி மதிப்புள்ள எங்கள் காருக்கு அந்தக் கூடுதல் பாதுகாப்பு வருடத்துக்கு நூறு வெள்ளியைச் சுற்றித்தான். ரோடு டேக்ஸ் புதுப்பிக்கும் கடையில் அதை யாரும் கேட்பதில்லை, நாமும் கேட்பதில்லை. இன்றைக்கே உங்கள் பத்திரத்தை எடுத்து 57 இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டிலும் இதே குழப்பம் உண்டு. வீட்டுக் கடன் வாங்கும்போது பேங்க் எடுக்கச் சொல்லும் எம்ஆர்டிஏ, கடன்காரர் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ மீதிக் கடனைக் கட்டும். வெள்ளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சாதாரணத் தீ காப்புறுதியிலும் வெள்ளம் இல்லை. கட்டடத்துக்கான ஹவுஸ்ஓனர் பத்திரத்தில் வெள்ளம் உண்டு, உள்ளே இருக்கும் பொருள்களுக்கு ஹவுஸ்ஹோல்டர் என்று தனியாக வேண்டும். தொகையையும் பார்த்துப் போடுங்கள். திரும்பக் கட்ட 120,000 வெள்ளி ஆகும் வீட்டை 60,000க்குக் காப்புறுதி செய்திருந்தால், 20,000 சேதத்துக்கு 10,000 தான் தருவார்கள், பாதிக்குத்தானே கட்டினீர்கள் என்ற கணக்கு. இழப்பீடு கேட்பவர்கள் நிறுவனத்துக்கு உடனே எழுத்தில் தெரிவித்துவிட்டு, மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும் வரை சேதமான பொருள்களை வீசாமல் வெளியே அடுக்கி வையுங்கள். இறுதி முடிவு திருப்தியில்லை என்றால் அந்தக் கடிதம் வந்த ஆறு மாதத்துக்குள், நிதித்துறைக்கான ஓம்புட்ஸ்மன் (குறைதீர்ப்பு) அமைப்பிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். முன்பு ஓஎஃப்எஸ் என்று இருந்தது, 2025 ஜனவரியிலிருந்து எஃப்எம்ஓஎஸ்.

பிஸ்கட் டின்னுக்கு வருகிறேன். ஐந்தாம் நாள்தான் அதைத் திறந்தேன். காகிதங்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாக இருந்தன. பிரிக்கப் போய் என் திருமணப் பத்திரத்தை நானே கிழித்தேன். ஒட்டிய காகிதத்தைக் காய்ந்த நிலையில் பிரிக்கக் கூடாது. தட்டில் நல்ல தண்ணீர் ஊற்றி அதில் வைத்தால் சேறும் போகும், தாள்களும் தானாக விலகும். பிறகு ஒவ்வொன்றையும் வெள்ளைத் துணிமேல் விரித்து நிழலில் மின்விசிறிக் காற்றில் காய வைக்க வேண்டும். இரண்டு நாளுக்குள் காய வைக்க முடியாத நிலையில் இருந்தால், பிளாஸ்டிக் பையில் போட்டு யாருடைய குளிர்பெட்டியின் ஐஸ் அறையிலாவது வையுங்கள். பூசணம் பிடிக்காது, வேலை முடிந்த பிறகு எடுத்துப் பிரிக்கலாம். ஆல்பத்துப் படங்களுக்கும் இதே முறைதான். அடையாள அட்டை தொலைந்தவர்கள் போலீஸ் புகாரோடு தேசியப் பதிவு இலாகாவுக்குப் போனால் பேரிடரில் போனது என்பதற்காகத் தொலைத்த தண்டம் கேட்க மாட்டார்கள். பிறப்பு, திருமணம், இறப்புப் பத்திரங்களின் நகலும் அங்கேயே கிடைக்கும். பள்ளி இரவல் பாடநூல்கள் நனைந்தால் வகுப்பாசிரியரிடம் பட்டியல் கொடுங்கள், புகார் நகலையும் சேர்த்து.

கெரான்தான் நீண்ட கதை. கடன் இன்னும் ஓடுகிறது என்றால் அது பேங்கிடம் இருக்கும், கவலையில்லை. கெரானே இன்னும் வராத வீடு என்றால், வாங்கிய ஒப்பந்தத்தின் நகல் வழக்கறிஞரிடமும் பேங்கிடமும் இருக்கும். கடன் முடித்து கெரானை வீட்டில் வைத்திருந்தவர்கள்தான் அலைய வேண்டும். தேசிய நிலச் சட்டத்தின் 166ஆம் பிரிவிலிருந்து இதற்கான வழி தொடங்குகிறது. நில அலுவலகத்தில் விண்ணப்பம், சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்திட்ட சத்தியப் பிரமாணம், போலீஸ் புகார், நிலவரி ரசீது, அடையாள அட்டை நகல். தொலைந்தது என்றால் அரசிதழில் அறிவிப்பு வந்து ஆட்சேபம் இல்லையென்று ஆன பிறகே மாற்றுக் கெரான். எங்களுடையது கிழிந்தும் எண் படிக்க முடிந்தது, அதனால் மிச்சத் துண்டுகளை எறியாமல் பையில் போட்டுக்கொண்டு போனேன். எண் மறைந்துவிட்டால் பழைய நிலவரி பில்லில் லாட் எண்ணும் கெரான் எண்ணும் இருக்கும்.

அங்கே போன பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. கெரான் மாமனார் பெயரில். அவர் இறந்து ஒன்பது வருடம், நாங்கள் யாரும் மாற்றவில்லை. தோட்டப்புறத்து டவுன்களில் பாதி வீடு இப்படித்தான் இருக்கிறது, அண்ணன் தம்பிக்குள் மனஸ்தாபம் வரும் என்று தள்ளிப்போட்டே போய்விடும். உயிலில்லாமல் இறந்தவரின் சிறு சொத்து 1955ஆம் ஆண்டு சட்டத்தின் கீழ் வரும். நிலம் அல்லது வீடு உட்பட மொத்த மதிப்பு முன்பு 2 மில்லியன் வெள்ளி வரை, 2024 ஜூலை 15 முதல் 5 மில்லியன் வரை. சொத்துப் பங்கீட்டு அலுவலகத்தில் பாரம் ஏ கொடுக்க வேண்டும், இறப்புப் பத்திரம், கெரான் அல்லது தேடல் அறிக்கை, எல்லா வாரிசுகளின் அடையாள அட்டை, பிறப்பு, திருமணப் பத்திரங்களோடு. வழக்கறிஞர் கட்டாயமில்லை. இந்துக்களுக்கு 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் பொருந்தும். இறந்தவரின் பெற்றோர் உயிரோடில்லை என்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பெற்றோர் இருந்தால் மனைவிக்குக் கால், பெற்றோருக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி. பெண் பிள்ளைக்கும் ஆண் பிள்ளைக்கும் ஒரே பங்கு. விசாரணை நாளில் வாரிசுகள் எல்லாரும் ஒப்புக்கொண்டால் வேறு விதமாகவும் பிரித்துக்கொள்ளலாம், ஒருவர் வராவிட்டால் தள்ளிப்போகும். அத்தையிடம் இதை எடுத்துச் சொல்லவே எனக்கு ஒரு மாதம் பிடித்தது. நான் வீட்டைக் கேட்கிறேன் என்று அவர் நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம். மூத்த நாத்தனார்தான் உட்கார்ந்து பேசி முடித்தார்.

எங்கள் தாமானில் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அப்படி நேர்ந்த குடும்பங்கள் அந்த நிலையில் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது, அதனால் சுருக்கமாக. இறப்பை ஏழு நாளுக்குள் பதிய வேண்டும். வெள்ளத்தில் இறந்தவரின் உடல் போலீஸ் வழியாக மருத்துவமனைக்குப் போகும், அங்கே தரும் எந்தக் காகிதத்தையும் தொலைக்காதீர்கள். உடல் கிடைக்கவில்லை என்றால் காணாமற்போனவர் என்று புகார் இருக்க வேண்டும், ஏனென்றால் ஏழு ஆண்டு எந்தத் தகவலும் இல்லாதவர் இறந்ததாகக் கருதப்படுவதற்குச் சாட்சியச் சட்டம் 108ஆம் பிரிவு இடம் தருகிறது, அந்தக் கணக்குக்கு அந்தப் புகார்தான் ஆதாரம். சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா கட்டியவர் என்றால் வாரிசு ஓய்வூதியத்தையும் இறுதிச் சடங்கு உதவியையும் கேளுங்கள்.

லயத்து வீடுகளில் இருப்பவர்கள் வீட்டுப் பழுதுக்குத் தங்கள் பணத்தைப் போடுவதைப் பார்த்தேன். சட்டம் 446 என்று ஒன்று இருக்கிறது, ஊழியர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம், 1990. வேலைக்கு வீடு கொடுத்த முதலாளி அதை நல்ல நிலையில் பராமரிக்க வேண்டும். முதலில் நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் வாங்கியதாக முத்திரையோ கையெழுத்தோ பெற்றுக்கொள்ளுங்கள். கவனிக்காவிட்டால் ஆள்பல (தொழிலாளர்) இலாகாவில் புகார் செய்யலாம். தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் வாயால் சொல்லிவிட்டு வருவதில் பயனில்லை.

பணம் இறுக்கும்போது கடன் தவணையைத் தவறவிட்ட பிறகு பேங்கைப் பார்க்காதீர்கள், தவறுவதற்கு முன் பாருங்கள். பெரிய வெள்ளத்துக்குப் பிறகு சில மாதம் தவணையை ஒத்திவைக்க ஒப்புக்கொள்வார்கள், ஆனால் அந்த மாதங்களுக்கும் வட்டி ஓடும், மொத்தம் எவ்வளவு கூடும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பல கடன் இருந்தால் கடன் ஆலோசனை நிறுவனமான ஏகேபிகே இலவசமாக உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுக்கும். ஊழியர் சேமநிதியில் 2024 மே 11 முதல் மூன்றாவது கணக்கு வந்திருக்கிறது, 50 வெள்ளியிலிருந்து எடுக்கலாம். எங்களுக்கு அப்போது அது இல்லை, நகையை அடகு வைத்தோம்.

கடைசியாக, எனக்கு இன்றும் மனம் ஆறாத 2,800 வெள்ளி. வெள்ளத்துக்குப் பிறகு வேன் எடுத்துக்கொண்டு வீடு வீடாக வருவார்கள், வயரிங், பெயிண்ட், கதவு எல்லாம் சேர்த்து ஒரே விலை என்பார்கள். நானும் களைத்துப்போயிருந்தேன், பிள்ளைகள் ஈரச் சுவர் வீட்டில் இருமிக்கொண்டிருந்தன. பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்தேன். அவர் இரண்டு நாள் வந்து சுவருக்கு வெள்ளையடித்தார், மூன்றாம் நாளிலிருந்து போன் எடுக்கவில்லை. அடித்த பெயிண்டும் ஆறு வாரத்தில் கொப்பளித்து உரிந்தது. நனைந்த செங்கல் சுவர் காய வாரக்கணக்கில், சில சமயம் இரண்டு மூன்று மாதம் ஆகும், அதற்கு முன் அடித்தால் யார் அடித்தாலும் உரியும். பிளாஸ்டிக் தாள் ஒன்றைச் சுவரில் நாலு பக்கமும் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள், உள்ளே வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. முன்பணம் பத்து இருபது விழுக்காட்டுக்கு மேல் வேண்டாம், மீதி வேலை முடிய முடிய. அடையாள அட்டை, வேன் எண், கம்பெனிப் பதிவு மூன்றையும் படம் எடுத்துக்கொண்டு, எந்த வேலை எந்தத் தேதிக்குள் என்று ஒரு தாளில் இருவரும் கையெழுத்திட வேண்டும். ஏமாந்துவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரை கோரலாம், கட்டணம் 5 வெள்ளி, மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும், இரு தரப்பும் வழக்கறிஞர் இல்லாமல் நேரில் பேச வேண்டும். பேங்க் மாற்றிய சீட்டு, வாட்ஸ்அப் உரையாடல், உரிந்த சுவரின் படங்களை அச்செடுத்துக்கொண்டு போனேன். தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அதுவே குற்றம் என்று தெரிந்த பிறகு 1,500 வெள்ளி கட்டினார். மீதிக்கு மன்றத்தில் மறுபடியும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

புதுக் கெரான் அத்தை பெயரிலும் அவருடைய பிள்ளைகள் பெயரிலும் வந்துவிட்டது. அதை இந்த வீட்டில் வைக்கவில்லை. குளுவாங்கில் மூத்த நாத்தனாரின் மாடி வீட்டில், பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. இங்கே எங்கள் கைபேசிகளில் அதன் படமும், கதவோரத்து ஆணியில் தொங்கும் ஜிப் பையில் மற்றக் காகிதங்களும்.